கற்பூரம் படிந்த லென்ஸ்

பொன்முடியில் எடுத்த படங்கள் மங்கலாக வந்தபோது நாங்கள் கவலைப்படவில்லை. அன்றைக்கு மலைமேல் மூடுபனியாக மஞ்சு இறங்கிக் கிடந்தது. பக்கத்தில் நின்ற மாடுகூடச் சரியாகத் தெரியவில்லை. கண்ணுக்கே தெரியாதது படத்தில் எப்படி வரும் என்று வீட்டுக்காரர் கேட்டார். சரிதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்து கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் எடுத்த படங்கள் வந்தன. அவை கரமனையில் ரோட்டோரம் எடுத்தவை. காலை வெயில் சுள்ளென்று அடித்த நாள். அங்கே ஏது மஞ்சு.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். வண்டி அவருடையது இல்லை, முதலாளி வேறு. அதே வண்டியில் நான் ஆயா. பிள்ளைகளை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், கதவைச் சாத்த வேண்டும். ஆயா இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டபின் நான் ஆரியசாலையில் ஒரு கற்பூரக் கடைக்குப் போய்விடுவேன். அங்கே பாக்கெட் போடும் வேலை. பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குத் திரும்ப வண்டிக்கு வந்துவிடுவேன். என் சேலையில் எப்போதும் கற்பூர வாசம் அடிக்கும். வண்டியில் சின்னப் பிள்ளைகள் மடியில் முகம் வைத்து மோந்து பார்க்கும்.

வேன் ஓட்ட வருவதற்கு முன்னால் அவர் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் கார் ஓட்டினார். அவர்கள் புதுக் கேமராவுக்கு மாறியபோது பழைய பிலிம் கேமரா ஒன்றை அவருக்குக் கொடுத்தார்கள். அவருக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. கேமரா ஒன்றுதான். வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ ரோல் எடுப்பார். கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் வண்டிப் பிள்ளைகளை வண்டியின் முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார். லீவு முடிந்து வரும்போது வீட்டுக்கு ஒன்று கொடுப்பார். பிள்ளைகளின் அம்மாமார் அதற்குக் காத்திருப்பார்கள். போன் நிறையப் படம் வைத்திருப்பவர்களும் இதைப் பிரேம் போட்டு மாட்டுவார்கள்.

அந்த வருஷத்துப் படத்தில் பிள்ளைகள் கஞ்சித்தண்ணிக்குள் நிற்பதுபோல இருந்தார்கள். தலையில் சிவப்புத் தொப்பி வைத்திருந்தார்கள். அது சாயம் போன துணியாகத் தெரிந்தது. வண்டியின் மஞ்சளும் வெளுத்திருந்தது. யார் யார் என்று நின்ற இடத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது.

அவர் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

“பிலிம் கழுவினவன் கெடுத்துட்டான்” என்றார்.

“போன தடவ மஞ்சுன்னீங்க.”

“அது மஞ்சு. இது கழுவினவன்.”

“அடுத்த தடவ?”

“ஏட்டி, ஒனக்கு போட்டோவப் பத்தி என்ன தெரியும். போய் சோத்த வடி.”

நான் போய்ச் சோற்றை வடித்தேன். ஆனால் என் மனசு அந்தப் படத்திலேயே நின்றது. அதற்குக் காரணம் இருந்தது.

கொஞ்ச காலமாகவே அவர் வண்டி ஓட்டும்போது என்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டிருந்தார். சிக்னலில் நிற்கும்போது, “பச்ச விழுந்துட்டா?” என்பார். கண்ணாடியில் வெயில் அடிக்குது என்பார். எதிரே வருவதைக் காட்டி, “அது லாரியா, பஸ்ஸா?” என்பார். முதலில் பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். பேசுகிற ஆள்தான் அவர்.

பிறகு நானே சொல்ல ஆரம்பித்தேன். கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் அவர் சீட்டுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தேன். “ஒரு ஸ்கூட்டர்க்காரன் எடது பக்கமா வாரான் பாத்தேளா” என்று ஊர்க்கதைபோலச் சொல்வேன். “முன்னால ஹம்ப் மேடு கெடக்கு” என்பேன். “தெரியும் தெரியும்” என்பார். ஆனால் நான் சொன்ன பிறகுதான் அவர் கால் பிரேக்குக்குப் போகும். அதை நான் பார்த்திருக்கிறேன். நான் பார்த்ததை அவரும் பார்த்திருப்பார். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

ஒரு மழை நாள் சாயங்காலம் கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். எதிரே வந்த வண்டியெல்லாம் விளக்கைப் போட்டிருந்தன. “மாமா, எந்தா வண்டி போகாத்தே?” என்று பிள்ளைகள் ஒரே சத்தம். எஞ்சின் சூடாகிவிட்டது என்றார். மழை கொஞ்சம் வெறித்தபிறகு எடுத்தார். எஞ்சின் சூடாகவில்லை. என் கால் எஞ்சின் மூடிப் பக்கம்தான் இருந்தது, சூடே தெரியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

“கண்ண ஒருக்கா காட்டிட்டு வாங்களேன்.”

“என் கண்ணுக்கு என்ன. ஒன் மொகத்த தெனமும் பாக்குது. அதுக்கே அதுக்கு ஒரு அவார்டு குடுக்கணும்.”

நான் சிரித்துவிட்டேன். பேச்சு அத்தோடு போயிற்று. டாக்டர் கண் சரியில்லை என்று எழுதிவிட்டால் வண்டி கிடையாது. அவருக்கு வேறு வேலையும் தெரியாது. எனக்கு மட்டும் அது தெரியாதா.

அதனால்தான் அந்தப் படம் என்னைப் போட்டு அரித்தது. மங்கினது கேமராவாலா, அவர் கண்ணாலா. கேமரா என்றால் ஒன்றுமில்லை. கண் என்றால் வண்டி நிறையப் பிள்ளைகள். அவர்களைத் தினமும் கைபிடித்து ஏற்றிவிடுகிறவள் நான்.

ஒரு நாள் மதியம் அவர் வண்டியிலேயே படுத்துத் தூங்கும்போது நான் கேமராவையும் படங்களையும் எடுத்துக்கொண்டு போனேன். தம்பானூரில் லாட்ஜுகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், படம் கழுவிய ஸ்டுடியோ இருந்தது. பிலிம் கழுவுகிற ஆள் அங்கே ஒருவர்தான். பழைய கேமராவும் பார்ப்பார். மலையாளத்துக்காரர். ஆரியசாலைக் கடைக்காரர்களோடு பழகித் தமிழ் பேசுவார், அவர் பாணியில்.

“எங்க வீட்டுக்காரர் சொல்லுதாரு, கழுவினது சரியில்லன்னு” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. நெகட்டிவைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“சேச்சி, இந்த ஓரத்துல நம்பர் உண்டு பாத்தீங்களா. இது கம்பெனி போடுறது. கழுவினது மோசமானா இதும் மங்கிப் போவும். இது எத்தற கறுப்பு நோக்கு. அப்போ அண்ணன்கிட்ட சொல்லணும், ஞான் தப்பிச்சேன்னு.”

அடுத்து படத்தை எடுத்தார்.

“இந்த டயர் என்ன நெறம்?”

“சாம்பல்.”

“உங்க வண்டில டயர் சாம்பலோ?”

“கறுப்பு.”

“அதாணு காரியம். கை ஆடினா கோடு கலங்கும். கறுப்பு கறுப்பாத்தான் இருக்கும். இதுல கறுப்பே வெளுத்துப் போச்சு. வண்டிக் கண்ணாடில பொடி பிடிச்சா, வெயில் நேரா அடிக்கும்போ எல்லாம் வெள்ளையா தோணுமல்லே. அதுபோல லென்ஸுக்குள்ள எதோ உண்டு.”

நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

“எடுக்கிற ஆளோட கண்ணு சரியில்லன்னா இப்பிடி வருமா?”

“இல்ல. கண்ணு வேற. அது கெட்டா வேற மாதிரி கெடும். இது கண்ணு அல்ல.”

வேற மாதிரி என்றால் எந்த மாதிரி என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அவர் கேமராவின் முதுகைத் திறந்து, கண்ணாடி வழியாக டார்ச் அடித்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே அரிசி களைந்த தண்ணி காய்ந்த மாதிரி வெள்ளைப் படலம். அவர் மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கேமராப் பையை மோந்து பார்த்தார்.

“சேச்சி, இது கேமரையோ அம்பலமோ?”

இது என்ன கோயிலா என்று கேட்கிறார். எனக்குப் புரிந்துவிட்டது. போன மழைக்காலத்தில் வீட்டில் எல்லாவற்றிலும் பூசணம் பூத்தது. செருப்பில், பெல்ட்டில், கதவில். கேமராவுக்கும் வந்துவிடும் என்று பயந்து, கடையில் உடைந்து சிதறிய கற்பூரத்தில் ஒரு கை எடுத்துத் துணியில் முடிந்து பைக்குள் வைத்தேன். எங்கள் வீட்டில் பட்டுச்சேலைப் பெட்டிக்குள் அப்படித்தான் வைப்போம். பூச்சி வராது, வாடை வராது. பையை நன்றாகப் பூட்டி இரும்பு அலமாரிக்குள் தள்ளினேன். கற்பூரம் கரைந்து போனதும் இன்னொரு கை வைத்தேன். பத்திரமாக வைத்ததாகத்தான் நினைத்தேன்.

சொன்னேன். அவர் தலையில் கை வைத்துச் சிரித்தார்.

“சேலைக்கு லென்ஸ் உண்டோ சேச்சி? உள்ளே இருக்குற எண்ணெயும் இந்தக் கற்பூரமும் சேந்து பிடிச்சிருக்கும். மழையோட ஈரமும் ஆவாம். உறப்பிச்சு சொல்ல முடியாது. சாரமில்ல, பரவாயில்ல, திறந்து துடைச்சுத் தரேன்.”

ஈரமும் ஆகலாம் என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. என் கற்பூரம்தான். நான்தான் கெடுத்தேன். படி இறங்கும்போது கால் தரையில் படாததுபோல இருந்தது. ஒரு பொருளைக் கெடுத்துவிட்டு அத்தனை சந்தோஷமாக நான் என்றைக்கும் நடந்ததில்லை.

பள்ளிக்கூட வாசலில் மணி அடிக்கக் காத்திருக்கும்போது அவரிடம் சொன்னேன். அவர் முகம் ஒரு நிமிஷம் ஒன்றும் காட்டவில்லை. பிறகு ஒரே பிடியாகத் திட்ட ஆரம்பித்தார்.

“கேமராவுக்குக் கற்பூரம் காட்டினவ லோகத்துலயே நீ ஒருத்திதாண்டி. ஒரு தேங்காயும் ஒடச்சிருக்கலாம்லா. சூடனும் சாம்பிராணியும் போட்டு, மணியும் அடிச்சிருக்கலாம்லா.”

மற்ற வண்டி டிரைவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். ஒருவர், “மைனி, என் போனுக்கும் ஒரு சூடன் காட்டுங்க, சார்ஜ் நிக்கமாட்டேங்குது” என்றார். நானும் சிரித்தேன். வீட்டுக்காரர் அன்றைக்கு வீடு வரும்வரை திட்டினார். திட்டுகிற குரலில் அத்தனை நிம்மதி. அவரும் இத்தனை நாள் பயந்திருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.



நான் மறுபடி கதவுப் பக்கம் போய் உட்கார்ந்தேன். ஸ்கூட்டர் வருகிறது, ஹம்ப் வருகிறது என்று சொல்வதை நிறுத்தினேன். அவரும் கேட்பதை நிறுத்தினார். பழைய வேகத்தில் ஓட்டினார். பாட்டுப் போட்டார். படம் மங்கினதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று இரண்டு பேரும் நடந்துகொண்டோம். லென்ஸில் அழுக்கு இருந்தால் கண்ணில் கோளாறு இருக்காது என்று எந்த ஊர்ச் சட்டம். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை.

ஜனவரியில் ஒரு காலை, கரமனைப் பாலம் தாண்டி, ஒரு பெண்ணும் குழந்தையும் ரோட்டைக் கடக்க ஓரமாக நின்றார்கள். நான் தூரத்திலேயே பார்த்தேன். அவர்கள் இறங்கிப் பாதி தூரம் வந்த பிறகுதான் அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி அலறி நின்றது. பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தார்கள். ஒரு பொடியனுக்குக் கம்பியில் இடித்து உதடு கிழிந்தது. அந்தப் பெண் குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

“குறுக்க சாடிட்டா” என்றார்.

அவள் சாடவில்லை. பார்த்துத்தான் இறங்கினாள். வண்டி நிற்கும் என்று நம்பி இறங்கினாள்.

நான் முந்தானையால் பொடியனின் உதட்டைத் துடைத்தேன். சாயங்காலம் அவன் அம்மாவிடம் வண்டி சடன் பிரேக் போட்டதில் இடித்துவிட்டது என்றேன். அது பொய் இல்லை. மறுநாள் மறுபடி அவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

இதற்குள் கேமரா திரும்பி வந்துவிட்டது. லென்ஸ் பளிச்சென்று இருந்தது. பிள்ளைகளுக்குப் படம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தோமே, அதனால் அவர் மறுபடி எல்லாரையும் நிறுத்தினார். இந்தத் தடவை பள்ளிக்கூட மதில் பக்கம், மரநிழலில். வானம் கொஞ்சம் மூடியிருந்தது. நாலைந்து பிள்ளைகள் தொப்பியும் கொண்டுவந்திருந்தார்கள். ரோலைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கழுவிய பிறகு ஸ்டுடியோக்காரர் என் போனுக்குக் கூப்பிட்டார். வீட்டுக்காரருக்குக் கூப்பிடவில்லை.

“சேச்சி, ஒருக்கா வரணும்.”

போனேன். படத்தை மேசையில் வைத்தார். டயர் கறுப்பு. தொப்பி சிவப்பு. வண்டி நல்ல மஞ்சள். மங்கல் போய்விட்டது. பின்னால் மதிலில் எழுதியிருந்த எழுத்து ஒவ்வொன்றும் தெரிந்தது. மதிலுக்கு மேலே தொங்கிய இலைகூட எண்ணலாம். பிள்ளைகளின் முகம் மட்டும் பிசைந்த மாவுபோல இருந்தது.

“மஞ்ஞு போச்சு” என்றார் அவர். “பக்ஷே நிக்குற ஆளை விட்டுட்டு மதிலைப் பிடிச்சிருக்கு. ஒரு படம் ஆனா போட்டும்னு விடலாம். எல்லாப் படமும் அப்பிடி. நல்ல வெயில்ல இந்தத் தப்பு மறைஞ்சு போவும், நிழல்ல மறையாது.”

“இது என்னது?”

“ஒண்ணு, ஞான் லென்ஸைத் திறந்து பூட்டினதுல தப்பு வந்திருக்கலாம். அப்போ என் குத்தம். அது முதல்ல நோக்கணும். அண்ணனைக் கூட்டிட்டு வாங்க.”

ஒன்று என்றவர் இரண்டு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் குற்றமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பாவம், நல்ல மனுஷர். அவர் தலையில் பழி விழட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் படி இறங்கினேன்.

சனிக்கிழமை மதியம் இரண்டு பேரும் போனோம். வண்டியைக் கழுவ எடுத்திருந்ததால் வண்டியிலேயே போனோம். வீட்டுக்காரர் வாசலிலேயே ஆரம்பித்தார்.

“என்ன சேட்டா, கற்பூரத்த எடுத்துட்டு விபூதிய வச்சுட்டீங்களோ.”

“வச்சிருந்தா கண்டுபிடிச்சிடலாம். உள்ள வாங்க.”

அவர் ஒரு காலண்டர் தாளைச் சுவரில் ஒட்டியிருந்தார். மேலே பெரிய எண்கள். கீழே பொடி எழுத்தில் நட்சத்திரமும் ராகுகாலமும். கேமராவை ஸ்டாண்டில் மாட்டினார். சுவரிலிருந்து டேப் பிடித்து அளந்தார். டேப் சொன்ன எண்ணுக்கு லென்ஸ் வளையத்தைத் திருப்பி வைத்துப் படம் எடுத்தார். கேமராவுக்குள் கண்ணை வைக்கவே இல்லை. பிறகு வளையத்தைக் கலைத்துவிட்டு, தன் கண்ணால் பார்த்துத் திருப்பி எடுத்தார். பிறகு மறுபடி கலைத்தார்.

“இனி அண்ணன் எடுங்க. சாதாரணமா எப்பிடி எடுப்பீங்களோ அப்பிடி.”

வீட்டுக்காரர் குனிந்து கண்ணை வைத்தார். வளையத்தை அந்தப் பக்கம் திருப்பினார். இந்தப் பக்கம் திருப்பினார். நேரம் ஆயிற்று. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் எத்தனை படம் எடுத்துப் பார்த்திருக்கிறேன். டக்கென்று திருப்பி டக்கென்று அடிப்பார். இப்போது ரேடியோவில் ஸ்டேஷன் தேடுகிறவர்போலத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

“ஆச்சு” என்றார். அடித்தார். ஒவ்வொரு தடவையும் வளையத்தைக் கலைத்துவிட்டு இன்னும் சிலது எடுத்தார். கடைசியில் நிமிர்ந்து கண்ணைக் கசக்கினார்.

“இங்க வெளிச்சம் பத்தாது சேட்டா.”

“சரியாக்கும்” என்றார் ஸ்டுடியோக்காரர்.

கறுப்பு வெள்ளை பிலிம்தான் போட்டிருந்தார். அங்கேயே கழுவினார். அதுவரை நாங்கள் கீழே சாயாக் கடையில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நிறுத்த இடம் இல்லாததைப் பற்றிப் பேசினார். சாயாவில் சீனி அதிகம் என்றார். பேச்சை நிறுத்தவே இல்லை. கூப்பிட்டதும் மேலே போனோம்.

சின்னச் சின்னப் படமாக மேசையில் பரப்பியிருந்தார்.

“இது டேப் வச்சு எடுத்தது. இது ஞான் எடுத்தது. ரெண்டும் கொழப்பமில்ல. லென்ஸ் சரியாணு. பூட்டினதும் சரியாணு.”

மற்றதைப் பற்றி அவர் பேசவில்லை. ஒரு சாயா குடிச்சிட்டு வரேன் என்று இறங்கிப் போய்விட்டார். நாங்கள் கீழே குடித்தபோதே அவருக்கும் ஒரு சாயா மேலே அனுப்பியிருந்தோம். கிளாஸ் அங்கேயே இருந்தது.

வீட்டுக்காரர் படங்களை அள்ளிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். தூர வைத்துப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

“எல்லாம் ஒண்ணுபோலதான இருக்கு” என்றார்.

நான் காலிக் கிளாஸை ஓரமாக நகர்த்தினேன்.

“என்னட்டி. ஒண்ணுபோலதான?”

“இல்ல.”

“எதுல வித்தியாசம்?”

நான் பக்கத்தில் போய் நின்றேன். “இதுல அடியில கெடக்க பொடி எழுத்த வாசிக்கலாம். இதுலயும் வாசிக்கலாம். இதுல மேல இருக்க பெரிய எண்ணே கரைஞ்சு கெடக்கு.”

“பெரிய எண்ணா?”

“ஆமா.”

“என்னோடது எது?”

நான் அவர் கையிலிருந்து வாங்கி, பிரித்து, அவருடையதை ஒரு பக்கம் வைத்தேன். எதுவும் ஒன்றுபோல ஒன்று இல்லை. ஒன்று கொஞ்சம் கலங்கியிருந்தது. ஒன்று முழுக்கக் கலங்கியிருந்தது. அவர் குனிந்து இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கீழே தெருவில் ஆட்டோக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கு எல்லாமே கரைஞ்சுதான் இருக்கு” என்றார்.

“எத்தன நாளா?”

“தெரியல.” கொஞ்சம் பொறுத்து, “கொஞ்ச நாளா” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “ஒனக்கு எப்ப தெரியும்?”

“கொஞ்ச நாளா.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வண்டிச் சாவி அவர் கையில் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு மாசம் பொறுத்துக்கிடலாம்” என்றார். “பரீட்ச முடியட்டும். நீ என் சீட்டுக்குப் பின்னாலயே இருந்துக்கோ. இப்பவும் அப்பிடித்தான ஓடுது.”

“திங்கக்கெழம நான் வண்டில ஏறமாட்டேன்.”

“நீ ஏறலன்னா வண்டி எடுக்க முடியாது.”

“அதாக்கும் சொல்லுதேன்.”

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். கோபமாகப் பார்க்கிறாரா என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு என் முகம் எந்த அளவு தெரிந்தது என்றும் தெரியவில்லை. நான் அசையாமல் நின்றேன். வேறு என்ன சொன்னாலும் அவர் ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவார்.

போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டார். மலையாளத்தில் பேசினார். முதலாளியும் ஆரியசாலைத் தமிழர்தான். எப்போதும் தமிழில்தான் பேசுவார்கள். அன்றைக்கு ஏனோ மலையாளத்தில் பேசினார். “எனிக்கு கண்ணு கொள்ளில்லா. வேறெ டிரைவரெ நோக்கணும்” என்றார். கண் சரியில்லை என்று தமிழில் அவர் இன்றுவரை சொன்னதில்லை.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, சாவியை ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்தோம். முதலாளியின் ஆள் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. ஸ்டுடியோக்காரர் காசு வாங்க மறுத்தார். வீட்டுக்காரர் வலுக்கட்டாயமாக மேசையில் வைத்தார். கேமராவை எடுக்கவில்லை. மறந்தாரா, விட்டாரா தெரியாது. நான் எடுத்து வந்தேன்.

திங்கட்கிழமை புது டிரைவர் வந்தார். அவருக்கு ஒரு பிள்ளையின் வீடும் தெரியாது. வழி சொல்ல நான் இருந்தே ஆக வேண்டும். அன்றைக்குத்தான் வீட்டுக்காரர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். தனியாகப் போனார். நான் வண்டிக் கதவில் நின்றபோது அவர் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துபோவது தெரிந்தது. கைபிடித்து ரோட்டைக் கடத்திவிட வேண்டிய ஆளை விட்டுவிட்டு வேறு யார் பிள்ளைகளையோ ஏற்றிக்கொண்டிருக்கிறேனே என்று இருந்தது. ஆனால் இறங்கவில்லை.

பிள்ளைகளின் அம்மாமாரிடம் அவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். உதடு கிழிந்த பொடியனின் அம்மா, “அய்யோ பாவம்” என்றாள். “எத்தற கவனமா ஓட்டுற ஆளு. தெய்வம் காத்து, ஒண்ணும் ஆவல்லியே” என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் அவர் வந்துவிட்டார். கண்ணில் மருந்து ஊற்றியிருந்தார்கள். விளக்கைப் போட விடவில்லை. டாக்டர் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னார். ஒரு கண்ணில் புரை. அதை எடுத்துவிடலாம். மற்றதில் நரம்பு போயிருக்கிறது. போனது திரும்பாது. மீதி இருப்பதைக் காப்பாற்ற மருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

“இன்னும் முன்னால வந்திருக்கணும்னாரு” என்றார்.

“வண்டி?”

“ஸ்கூல் வண்டி இனிமே கெடையாது.”

நான் சோறு போட்டேன். அவர் பிசைந்தார்.

“தெரிஞ்சே எதுக்கு வண்டில ஏறின?” என்று கேட்டார்.

“தெரிஞ்சே எதுக்கு ஓட்டினீங்க?”

குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டேன். ஊற்று என்றார். சாப்பிட்டு முடித்தோம்.

புரை எடுத்தாயிற்று. அந்தக் கண் இப்போது பரவாயில்லை. அவர் ஆரியசாலையில் நான் வேலை செய்கிற கடைக்குப் பக்கத்தில் ஒரு குடோனில் காவலுக்கு இருக்கிறார். பேச்சு குறைந்துவிட்டது. கேலி குறைந்துவிட்டது. நான் இப்போதும் அதே வண்டியில் ஆயா. புது டிரைவர் சின்னப் பையன், நன்றாகத்தான் ஓட்டுகிறான். கரமனைப் பாலம் தாண்டும்போது மட்டும் நான் யாரோடும் பேசமாட்டேன். ஓரத்தில் யாராவது குழந்தையோடு நிற்கிறார்களா என்று பார்ப்பேன். யாரும் இல்லாத நாளிலும் பார்ப்பேன்.